கப்பல் பட்டியலில் உள்ள ‘ஜில்லா’ இன்று எந்த மாவட்டம்? கண்டுபிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன், வெருலம், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று பூட்டன் பூட்டி வந்த கப்பலின் பட்டியல் நகல் இருக்கிறது. அதில் ‘ஜில்லா: வடஆற்காடு’ என்று இருக்கும். கைபேசியில் தட்டினால் வேலூர் வரும். வேலூருக்கு டிக்கெட் எடுத்துப் போய், நான்கு நாள் அலைந்து, அப்படி ஓர் ஊரே இல்லை என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பட்டியலில் தவறில்லை. அதை எழுதிய நாளில் வடஆற்காடு வேறு நிலப்பரப்பு. அன்றைய சென்னை மாகாணத்தின் எல்லைகளும் அதன் ஜில்லாக்களின் எல்லைகளும் அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டன. ஜில்லாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள், தாலுகாவைப் பிடியுங்கள். ஜில்லா உடைந்தாலும் ஒட்டினாலும் தாலுகாவின் தலைமை ஊர் இடம் மாறுவதில்லை.

முதலில் எண்

எல்லாவற்றுக்கும் முன்னால் கலோனியல் நம்பர் வேண்டும். டர்பனைத் துறைமுகமாகக் கொண்ட அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஓர் எண் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கிய எண்வரிசை, 1911 ஜூலையில் வந்த கடைசிக் கப்பலோடு 1,52,184இல் முடிந்தது. இடையில் 1866 முதல் 1874 வரை கப்பலே வரவில்லை. ஆகவே எண்ணைப் பார்த்ததும் காலம் தெரியும்: ஏறத்தாழ 6,450க்குள் இருந்தால் முதல் கட்டத்தில் வந்தவர்; அதற்கு மேல் என்றால் 1874க்குப் பிறகு வந்தவர்.

இந்த எண் தாத்தா ஆயாவின் பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு, இறப்புப் பதிவு, பழைய பாஸ் எதிலாவது இருக்கும். பிள்ளைகளின் பழைய பிறப்புப் பதிவில் தாய் தகப்பன் இருவரின் எண்ணும் சேர்ந்து வருவதுண்டு. பெட்டியில் கிடக்கும் மக்கிய காகிதம் எதையும் எறியாதீர்கள். எண் எங்குமே இல்லை, ஆனால் குடும்பம் கடை வைக்கத் தன் காசில் டிக்கெட் எடுத்து வந்தது என்றால், ஒப்பந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. ‘பாசஞ்சர்’ இந்தியர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

எண் கிடைத்ததும் டர்பன் ஆவணக் காப்பகத்திலோ, பல்கலைக்கழக ஆவண மையத்திலோ, இணையத்தில் ஏற்றியிருக்கும் பதிவிலோ அந்த வரியை எடுங்கள். தட்டச்சு செய்த சுருக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. கையெழுத்துப் பக்கத்தின் படத்தை, அந்த வரிக்கு மேலே ஐந்து, கீழே ஐந்து வரி சேர்த்து வாங்குங்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள். உங்கள் வரியில் மங்கிய ஊர்ப்பெயர் பக்கத்து வரியில் பளிச்சென்று இருப்பது உண்டு.

வரியைப் படிப்பது

பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு மச்சம் ஆகியவை பொதுவாக இருக்கும் கட்டங்கள். தாலுகா இருக்க வேண்டிய கட்டத்துக்கு மேலே ‘தாணா’ என்று அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டாம். கல்கத்தா கப்பல்களுக்கு அது போலீஸ் தாணா, அதாவது ஊர் சேர்ந்த போலீஸ் நிலைய எல்லை. சென்னைக் கப்பல்களில் அதே கட்டத்தில் தாலுகாவை எழுதினார்கள். அதற்கு அடுத்த கட்டம் கிராமம்.

எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். அதனால் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். ‘வாண்டிவாஷ்’ வந்தவாசி. ‘காஞ்சீவரம்’ காஞ்சிபுரம். ‘சிங்கில்பட்’ செங்கல்பட்டு. ‘டின்னவெலி’ திருநெல்வேலி. ‘ட்ரி’ என்று தொடங்கினால் முக்கால்வாசி அது ‘திரு’: ட்ரிவெல்லூர் திருவள்ளூர், ட்ரிப்பட்டூர் திருப்பத்தூர். ல, ள, ழ மூன்றுக்கும் அவர்களிடம் ஒரே எழுத்துதான். டகரத்துக்கும் தகரத்துக்கும் அப்படியே. ஆக ‘டி’யில் தொடங்கும் பெயரைத் தகரத்திலும் தேட வேண்டும். ‘பி’யில் தொடங்குவது பகரம்தான், ஆனால் ‘வி’யும் ‘பி’யும் தெலுங்கு ஊர்களில் மாறிவரும். கையெழுத்தில் ஆங்கில ‘யூ’வும் ‘என்’னும் ஒன்றுபோல் இருக்கும். ஒரு பெயருக்கு நான்கைந்து வாசிப்புகள் எழுதி வைத்துக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும். ஒரே வாசிப்பில் மனத்தைக் கட்டிப்போட்டால், தவறான ஊரில் போய்த்தான் நிற்போம்.

சாதிக் கட்டத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். சொன்னவர் மாற்றிச் சொல்லியிருக்கலாம், கேட்டவர் மாற்றி எழுதியிருக்கலாம். வயதும் தோராயம்தான்.

ஜில்லாக் கட்டத்தில் மூன்று வகைப் பிழை அடிக்கடி வரும். ஒன்று, வெறும் ‘ஆற்காடு’: வடக்கா தெற்கா என்பதைத் தாலுகாதான் சொல்லும். இரண்டு, ‘மெட்ராஸ்’: பல இடங்களில் அது கப்பல் ஏறிய துறைமுகம், பிறந்த ஊர் இல்லை. மூன்று, ‘வேலூர்’, ‘சித்தூர்’ என்று தலைமை ஊரையே ஜில்லாவாக எழுதுவது. சித்தூர் விஷயம் முக்கியம். சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911 ஏப்ரல் 1. கடைசிக் கப்பல் அதே வருஷம் ஜூலை. எனவே பட்டியலில் ‘சித்தூர்’ என்று கண்டால், அந்தக் கடைசி சில மாதங்கள் தவிர மற்றெல்லாக் காலத்திலும், அது வடஆற்காடு ஜில்லாவின் ஒரு தாலுகா. அந்த ஜில்லாவின் தலைமை ஊரும் அதுவே. வேலூர் தலைமை ஊரானது 1911க்குப் பிறகு.

அன்றைய வரைபடத்தை எதிரில் வையுங்கள்

கப்பல்கள் வந்தது 1860க்கும் 1911க்கும் நடுவில். அந்த ஐம்பது வருஷத்தில் சென்னை மாகாணத்தின் தமிழ் ஜில்லாக்கள் அதிகம் மாறவில்லை என்பது நமக்குப் பெரிய வசதி. 1862இல் வட கன்னடம் பம்பாய் மாகாணத்துக்குப் போனது. 1868இல் நீலகிரி கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. 1882இல் பெல்லாரியிலிருந்து அனந்தபூர் பிரிந்தது. 1904இல் குண்டூர் தனியானது. 1910இல்தான் தமிழ்ப் பக்கம் பெரிய வெட்டு விழுந்தது: மதுரையின் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களையும் திருநெல்வேலியின் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களையும் சேர்த்து ராமநாதபுரம் ஜில்லா ஆக்கினார்கள். ஆகவே 1900 வாக்கில் அச்சான மாகாண வரைபடம் ஒன்று இருந்தால் பெரும்பாலான வரிகளுக்குப் போதும். அரசாங்கம் அப்போது வெளியிட்ட கெசட்டியர் தொகுப்பின் வரைபடங்களும் ஒவ்வொரு ஜில்லாவுக்கும் வந்த மானுவல் என்னும் கையேடுகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மானுவலில் தாலுகாவாரியாக முக்கிய ஊர்கள் இருக்கும்.

இன்றைய மாவட்டப் படத்தை இந்தக் கட்டத்தில் திறக்கவே திறக்காதீர்கள். முதலில் பழைய படத்தில் தாலுகாவைக் கண்டு, அதன் நாலு பக்கத்து ஊர்களையும் குறித்துக்கொண்ட பிறகுதான் இன்றைக்கு வர வேண்டும்.

வடஆற்காடு: நிதானமாகப் பார்க்க வேண்டிய ஜில்லா

நேட்டால் தமிழ், தெலுங்குக் குடும்பங்களில் பலருக்கும் வரும் பெயர் இது. குழப்பமும் இதில்தான் அதிகம். கப்பல் காலத்து வடஆற்காட்டில் இருந்தவை: வேலூர், குடியாத்தம், ஆற்காடு, வாலாஜாபேட்டை, போளூர், வந்தவாசி, சித்தூர், சந்திரகிரி, பலமனேர் தாலுகாக்கள், ஆரணி ஜாகீர், காளஹஸ்தி, கார்வேட்நகரம், புங்கனூர், குப்பத்தைத் தலைமையாகக் கொண்ட கங்குந்தி ஆகிய ஜமீன்கள்.

1911இல் சித்தூர், சந்திரகிரி, பலமனேர் தாலுகாக்களும் நான்கு ஜமீன்களும், கடப்பையிலிருந்து வந்த மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களும் சேர்ந்து சித்தூர் மாவட்டம் ஆயின. இழந்ததற்கு ஈடாக வடஆற்காட்டுக்குச் சேலத்திலிருந்து திருப்பத்தூரும் தென்ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் வந்தன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனோடு போயிற்று. மிஞ்சிய வடஆற்காடு 1989இல் வேலூர்ப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என இரண்டானது; 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன.

இதை வைத்து வரியைப் பெயர்த்தால் இப்படி வரும். குடியாத்தம் என்றால் இன்றைய வேலூர் மாவட்டம். வாலாஜாபேட்டை என்றால் ராணிப்பேட்டை மாவட்டம். போளூர், ஆரணி, வந்தவாசி மூன்றும் திருவண்ணாமலை மாவட்டம். ‘வேலூர் தாலுகா, ஆம்பூர்’ என்று இருந்தால் இன்று திருப்பத்தூர் மாவட்டம். சந்திரகிரி, காளஹஸ்தி என்றால் ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டம். அது 2022 ஏப்ரலில் உண்டானது. பலமனேர், குப்பம் என்றால் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம்.

திருத்தணியை மட்டும் கிட்டே வைத்துப் பாருங்கள். ஜில்லா வடஆற்காடு, ஜமீன் கார்வேட்நகரம், ஊர் திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆள் கப்பலேறியபோது அது வடஆற்காடு. 1911இல் சித்தூர். 1953இல் ஆந்திர மாநிலம். எல்லைப் பேச்சு முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பிச் செங்கல்பட்டு மாவட்டம். 1997இல் திருவள்ளூர் மாவட்டம். மலைக்கோயில் அதே மலையில் இருக்க, ஊரின் முகவரி மட்டும் நாலு முறை மாறியிருக்கிறது. இந்த ஊரை வேலூரில் தேடினாலும் கிடைக்காது, சித்தூரில் தேடினாலும் கிடைக்காது. கார்வேட்நகரம் ஜமீனே ஒரு பகுதி தமிழ்நாட்டிலும் ஒரு பகுதி ஆந்திரத்திலும் கிடப்பதால், ஜமீன் பெயர் மட்டும் தெரிந்தவர்கள் இரண்டு மாநிலத்திலும் தேடித்தான் ஆக வேண்டும்.

மற்ற ஜில்லாக்கள்

தென்ஆற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. இங்கே விழுந்து எழாதவர் குறைவு: ‘தென்ஆற்காடு, திருவண்ணாமலை’ என்று பட்டியலில் பார்த்துவிட்டு எழுத்தர் தப்பாக எழுதினார் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவர் சரியாகத்தான் எழுதினார். 1911 வரை திருவண்ணாமலை தென்ஆற்காடுதான். திருக்கோவிலூர் தாலுகாவும் கவனிக்க வேண்டியது: தலைமை ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு போக, அதிலிருந்து முன்பே பிரிந்த கண்டாச்சிபுரம் பக்கம் விழுப்புரத்தில் இருக்கிறது.

சேலம் அன்று ஓசூர் வரை நீண்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர், ஊத்தங்கரை எல்லாம் சேலம் ஜில்லா. தருமபுரி 1965இலும் கிருஷ்ணகிரி 2004இலும் தனியாயின. திருப்பத்தூரும் வாணியம்பாடியும் அன்று சேலம். நாமக்கல் 1910இல் திருச்சிக்குப் போய்ப் பிறகு சேலத்துக்குத் திரும்பி, 1997இல் தனி மாவட்டம் ஆனது. கரூர் 1910 வரை கோயம்புத்தூர். இன்னொரு திருப்பத்தூர் சிவகங்கைப் பக்கம் இருக்கிறது. ஜில்லாக் கட்டத்தில் ‘மதுரை’ என்றிருந்தால் அது; ‘சேலம்’ என்றிருந்தால் ஜோலார்பேட்டைக்கு அருகில் உள்ளது.

செங்கல்பட்டு இன்று செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று மூன்று மாவட்டம். அதன் சைதாப்பேட்டை தாலுகாவின் பல கிராமங்கள் இன்று சென்னை நகரத்துக்குள் தெருக்களாகிவிட்டன. தஞ்சாவூர் இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே அறந்தாங்கிப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். திருநெல்வேலி இன்று திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி.

கஞ்சம் ஜில்லாவின் பெரும்பகுதியும் விசாகப்பட்டினத்தின் ஒரு பகுதியும் 1936 ஏப்ரல் 1 அன்று ஒரிசா மாகாணத்துக்குப் போயின. மலபார் 1956 நவம்பர் 1 முதல் கேரளம். புதுக்கோட்டை, மைசூர், திருவிதாங்கூர் ஆகியவை மாகாணத்துக்குள் இல்லாத சமஸ்தானங்கள். காரைக்கால், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தவை. பட்டியலில் ஜில்லா என்று ‘மைசூர்’ வந்தால் சென்னை ஆவணங்களில் அந்தக் கிராமத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கிராமத்தைப் பிடிப்பது

இப்போது இன்றைய மாவட்டமும் தாலுகாவும் தெரியும். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கிறது. பழைய தாலுகா இன்று இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும். எல்லாவற்றிலும் வருவாய்க் கிராமங்களின் பெயர்களை மேலிருந்து கீழே படித்து, உங்கள் நான்கைந்து வாசிப்புகளோடு ஒப்பிடுங்கள். ஆந்திரத்தில் தாலுகா என்பதே 1980களில் போய் மண்டலம் வந்துவிட்டது. சந்திரகிரி தாலுகா என்று தேடினால் அங்கே கிடைக்காது. பழைய தாலுகாவுக்குள் வரும் மண்டலங்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

ஒரே பெயரில் பல கிராமம் கிடைப்பது சகஜம். புதூர், நல்லூர், பாளையம் என்று முடிந்தால் பத்துப் பன்னிரண்டு வரும். அப்போது மூன்று துணைச் சாட்சிகளைக் கேளுங்கள். பக்கத்து வரியில் உள்ளவரின் கிராமம் எந்தப் புதூருக்கு அருகில் இருக்கிறது? வீட்டில் வழிவழியாகச் சொல்லும் குலதெய்வம் எது? பக்கத்துச் சந்தை, ஏரி, மலை என்று ஆயா எதையாவது சொன்னதுண்டா? திரௌபதி அம்மன் தீமிதி வழக்கம் குடும்பத்தில் இருப்பது ஆற்காட்டுப் பக்கத்தைக் காட்டலாம். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

பட்டியலே பொருந்தவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். சேரியோ குடியிருப்போ தனி வருவாய்க் கிராமமாக இருந்திருக்காது. தாய்க் கிராமத்தின் பெயரில் தேட வேண்டும். அல்லது, ஆள் சேர்த்தவர் பிழைப்புத் தேடி வந்தவரைச் சந்தையிலோ ரயில் நிலையத்திலோ பிடித்திருப்பார். அந்த ஊரையே எழுத்தர் சொந்த ஊராகப் பதிந்திருப்பார். இரண்டாவது வகையில், பக்கத்து ஜில்லாக்களுக்கும் தேடலை விரிக்க வேண்டும்.

ஊர் உறுதியானால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்த ஜில்லாவின் பழைய நிலவரிப் பதிவேடுகள், கிராமம் வாரியாகக் கேட்டுப் பார்க்கக் கிடைக்கும். கேட்கும்போது பழைய ஜில்லாப் பெயரையே சொல்லுங்கள். அலமாரிகள் அந்தப் பெயரில்தான் அடுக்கியிருக்கின்றன. நிலம் இல்லாத குடும்பத்தின் பெயர் இந்தப் பதிவேட்டில் இருக்காது. கூலிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள் என்பதை நினைவில் வைத்து, பெயர் இல்லாததால் ஊர் தப்பு என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

நேட்டால் பக்கமும் எல்லை நகர்ந்தது

இந்தியாவில் தேடுகிற அதே கவனம் இங்கும் வேண்டும். நேட்டால் 1856இல் கேப் காலனியிலிருந்து தனிக் காலனி ஆனது. 1866இல் தெற்கே ஆல்பிரட் கவுண்டி சேர்ந்தது. 1897இல் ஜூலுலாந்து சேர்ந்தது. 1903இல் டிரான்ஸ்வாலிடமிருந்து வ்ரைஹெய்டும் உட்ரெக்டும் வந்தன. 1910 மே 31 முதல் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் ஒரு மாகாணம், 1994இல் குவாஜூலு-நேட்டால். ஆகவே 1903க்கு முன் உட்ரெக்ட் பக்கத்துக் காகிதத்தை டிரான்ஸ்வால் ஆவணங்களிலும், 1897க்கு முன் ஜூலுலாந்துக் காகிதத்தை அதன் தனித் தொகுப்பிலும் தேட வேண்டும். நியூகாசில், டண்டீ நிலக்கரிச் சுரங்கங்கள் எப்போதும் நேட்டாலுக்குள்தான் இருந்தன.

இறந்தவரின் சொத்துக் கோப்பு அவர் இறந்த இடத்தைப் பின்பற்றும்: நேட்டாலில் இறந்திருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் போய் இறந்திருந்தால் பிரிட்டோரியா. ஊர்ப்பெயர் மாற்றத்தையும் இரண்டு விதமாகவும் தேடுங்கள். ஸ்டாங்கர் இன்று குவாடுகூசா. அந்தக் கோப்பில் தாய் தகப்பன் பெயர், பிள்ளைகள் பெயர் இரண்டும் இருக்கும் என்பதால், கலோனியல் நம்பர் தொலைந்த குடும்பங்கள் இங்கிருந்து பின்னோக்கி நடந்து, மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவைப் பிடித்து, அதிலிருந்து எண்ணை மீட்டெடுக்கலாம்.

இந்தியாவுக்குப் புறப்படும் முன் ஒரே தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: பட்டியலில் உள்ளபடி ஜில்லா, தாலுகா, கிராமம்; கப்பல் பெயரும் தேதியும்; அந்தத் தாலுகா ஒவ்வொரு எல்லை மாற்றத்திலும் எங்கே போனது என்ற சங்கிலி; இன்றைய மாநிலம், மாவட்டம், தாலுகா அல்லது மண்டலம், வருவாய்க் கிராமம். கிராம நிர்வாக அலுவலரிடம் நீட்டும்போது நான்காவது வரியை முதலில் காட்டுங்கள், மற்ற மூன்றையும் கேட்டால் காட்டுங்கள்.